ஆடிப் பால் திரியாமல் இருக்க

"ஆடிப் பால் சாப்பிடாத மாப்பிள்ளையைத் தேடிப் பிடி" என்றொரு பழமொழி தமிழ்நாட்டில் வழங்கி வருகிறது. ஆடி மாதம் முதல் தேதியன்று புதுமணத் தம்பதிகளை அழைத்து, முற்றிய தேங்காயைத் துருவிப் பிழிந்த பாலில் வெல்லமும் ஏலமும் சுக்கும் கூட்டி, இளஞ்சூட்டோடு வெள்ளித் தம்ளரில் வார்த்துக் கொடுப்பது பெண் வீட்டார் கடமையென்று கருதப்பட்ட நாளில், அந்த மரியாதையைப் பெறத் தவறிய மருமகப்பிள்ளை எங்கே போனார் என்று ஊரே விசாரித்திருக்கும் போலும். சேலம், நாமக்கல் பக்கங்களில் அதே நாளில் தேங்காயின் கண்ணைத் திறந்து, வெல்லமும் அவலும் எள்ளும் பொட்டுக்கடலையும் திணித்துத் தீயில் சுடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்நாளுக்கு ஆடிப் பிறப்பு என்று பெயர். வறுத்த மாவும் பயறும் தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலில் சேர்ந்து அங்கே ஆடிக்கூழ் ஆகின்றன. அதைப் பற்றி நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவருக்கெனப் பாடிய பாட்டை ஈழத்தில் அறியாத வீடு அருமை. இடத்துக்கு இடம் சம்பிரதாயம் வேறுபட்டாலும் மூலப் பதார்த்தம் ஒன்றுதான்: தேங்காய்.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தமிழர் இந்தப் பதார்த்தத்தைத் தேடி அலைய வேண்டிய அவசியம் நேரவில்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் விரிந்து கிடக்கும் செபராங் பிறையின் தென்பகுதி, அதாவது சிம்பாங் அம்பாட், பத்து காவான், சுங்கை பாக்காப், நிபோங் தெபால் ஆகிய ஊர்களைக் கொண்ட வட்டாரம், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. அங்கே வேலைக்கென்று வந்து இறங்கிய தமிழரின் பேரப்பிள்ளைகள் கரும்பு போய் ரப்பர் வந்ததையும், தென்னையும் செம்பனையும் வந்ததையும் பார்த்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ தோட்டங்கள் போய்த் தொழிற்பேட்டைகள் வந்ததையும், 2014ஆம் ஆண்டில் பத்து காவானிலிருந்து தீவுக்கு 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு மாறியும், ஆடி வெள்ளியில் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதும், வீட்டில் 'சந்தான்' வாங்கி இனிப்பாய் ஏதேனும் காய்ச்சுவதும் நிற்கவில்லை. மலாய்க்காரர் தேங்காய்ப்பாலுக்கு வழங்கும் அந்தச் சொல்லே இங்குள்ள தமிழர் நாவிலும் இயல்பாகப் புழங்குகிறது.

ஆடிப் பால் காய்ச்சுவதற்குப் பாட்டிமார் சொல்லிவைத்த விதிகள் சில உண்டு. முதற்பிழிவான தலைப்பாலையும் மறுபிழிவான கப்பிப்பாலையும் தனித்தனியே பிழிய வேண்டும். கப்பிப்பாலைத்தான் முதலில் கொதிக்கவிட வேண்டும். தலைப்பாலைக் கடைசியில் சேர்த்து, அது கொதிக்குமுன் இறக்கிவிட வேண்டும். ஏலப்பொடி இறக்கிய பின்னரே விழ வேண்டும். ஏன் என்று கேட்டால் "இல்லாவிட்டால் திரிந்துபோகும்" என்பதற்குமேல் விடை கிடைப்பதில்லை. ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒரு முழு ரசாயன சாஸ்திரம் அடங்கியிருக்கிறது என்பதையும், பாட்டிமார் சொன்னவற்றுள் ஒன்றுகூட வீண் இல்லை என்பதையும் காட்டுவதே என் நோக்கம்.

முதலில், தேங்காய்ப்பால் என்பது என்ன? முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி நீர். மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு புரதம். பருப்பைத் துருவி நசுக்கும்போது செல்களின் சுவர்கள் கிழிந்து, உள்ளிருக்கும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகச் சிதறி நீரில் மிதக்கிறது. நீரில் எண்ணெய் இவ்விதம் விரவி நிற்கும் கலவையைப் பால்மம் என்பர். பாலின் வெண்மை எந்தச் சாயத்தாலும் வருவதன்று. எண்ணற்ற துளிகள் ஒளியைத் திசைதோறும் சிதறடிப்பதால் வருவது. இந்தத் துளிகளின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து பத்துப் பங்குவரை, அதாவது ஒன்று முதல் பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். சராசரி ஐந்து என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், பத்து விழுக்காடு கொழுப்புள்ள 200 மில்லிலிட்டர் ஆடிப் பாலில் மிதக்கும் துளிகளின் மேற்பரப்பு மொத்தம் 24 சதுர மீட்டர் ஆகிறது. பதினாறடிக்குப் பதினாறடி கொண்ட ஒரு கூடத்தின் தரையளவு எண்ணெய்ப் பரப்பை நாம் ஒரே தம்ளரில் ஏந்திக் குடிக்கிறோம். நாவில் படும் அந்த வழுவழுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எண்ணெய்க்கும் நீருக்கும் சுபாவத்திலேயே ஒத்துப்போகாது என்பது யாவரும் அறிந்ததே. அப்படியிருக்க, இவ்வளவு பெரிய பரப்பில் அவை எவ்வாறு பிணக்கின்றி நெருங்கி நிற்கின்றன என்றால், இடையில் தேங்காய்ப் புரதங்களும் பாஸ்போலிப்பிடுகள் என்னும் கொழுப்பினப் பொருள்களும் நின்று சமாதானம் செய்து வைக்கின்றன. இவற்றின் மூலக்கூறில் ஒரு பகுதி எண்ணெயை நாடும். மறு பகுதி நீரை நாடும். இரு வீட்டாருக்கும் வேண்டியவராயிருந்து சம்பந்தத்தை முடித்துவைக்கும் கல்யாணத் தரகரைப்போல அவை துளியின் விளிம்பில் நின்று, ஒவ்வொரு துளிக்கும் மெல்லிய போர்வை ஒன்றை அமைக்கின்றன. அந்தப் போர்வை கெடாதவரைக்கும் பால் பாலாக இருக்கும். கெட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, மேலே எண்ணெயும் கீழே சிறுசிறு திப்பியும் நீருமாய்ப் பிரிந்துவிடும். அதைத்தான் திரிதல் என்கிறோம். பாட்டிமார் விதித்த கட்டுப்பாடுகள் யாவும் இந்தப் போர்வையைக் காப்பதற்கே.

பிழிவதிலிருந்து தொடங்குவோம். சிம்பாங் அம்பாட் வட்டாரத்துச் சந்தைகளில் தேங்காய்க் கடைகளுக்கு முன் காலையில் நின்று பார்த்தால், வேலை எவ்வளவு விரைவில் முடிகிறது என்பது விளங்கும். ஓடு நீக்கிய தேங்காயைக் கடைக்காரர் இயந்திரத்தின் வாயில் போட்டதும் அது வெண்துருவலாய்த் தட்டில் கொட்டுகிறது, "தண்ணி ஊத்தவா, வேணாமா?" என்று ஒரு கேள்வி, பின்னர் துருவலை வலைத்துணியில் கட்டி அழுத்து இயந்திரத்தில் வைத்து நெருக்க, கெட்டியான சந்தான் குழாய் வழியே பிளாஸ்டிக் பையில் இறங்குகிறது. வாங்குபவர் பையின் வாயை முடிச்சிட்டு மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போகிறார். கையால் பிழிவதைவிட இயந்திரத்தின் அழுத்தம் பெரிது. ஆதலால் அதே தேங்காயிலிருந்து அதிகக் கொழுப்பு வெளிப்படுகிறது. ஆயினும் தண்ணீரே சேராமல் வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: புரதம் வெளிவருவதற்கு நீர் வேண்டும். சக்கையை வீட்டுக்குக் கேட்டு வாங்கி, வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து இன்னொரு முறை பிழிந்தால்தான் எஞ்சியிருக்கும் புரதமும் இனிப்பும் கப்பிப்பாலாக இறங்கும்.

வெதுவெதுப்பான நீர் என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதனால் அது 24 அல்லது 25 டிகிரி உஷ்ணத்தில் உறைந்துவிடும் சுபாவமுடையது. மார்கழி மாதத்தில் கோயம்புத்தூரில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்கக் காண்கிறோம். பினாங்கில் அந்த எண்ணெய் ஆண்டு முழுதும் பெரும்பாலும் இளகியே இருக்கிறது. ஆனால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தேங்காயைக் குளிர்ந்த நீரில் பிசைந்தால், கெட்டிப்பட்ட கொழுப்பு சக்கையை விட்டு வர மறுக்கும். கொதிநீர் ஊற்றினாலோ புரதம் சக்கையிலேயே வெந்து இறுகிவிடும். கை பொறுக்கும் சூடே சரி. அந்த நீரில் உப்பு ஒரு கல் போடுவது சுவைக்காக என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தேங்காய்ப் புரதங்களில் பெரும்பகுதி குளோபுலின் என்னும் இனத்தைச் சேர்ந்தது, அவ்வினம் வெறும் நீரைவிட மென்மையான உப்புநீரில் நன்றாகக் கரையும். உப்பு போட்டுப் பிசைந்தவள் ரசாயனம் படிக்கவில்லை. அதன் பயனை மட்டும் கண்டிருந்தாள்.

பிழிந்த பாலை ஒரு பாத்திரத்தில் சும்மா வைத்திருந்தால், சில மணி நேரத்தில் மேலே கெட்டியான ஏடும் கீழே நீர்த்த பாலும் தனித்தனியே நிற்கும். இது திரிதல் அன்று. கரண்டியால் கலக்கினால் மறுபடி ஒன்றாகிவிடும். எண்ணெய் நீரைவிட இலேசானது; ஆகவே துளிகள் மெல்ல மேலேறுகின்றன. எவ்வளவு மெல்ல என்பதை நிர்ணயிக்கும் விதியை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851இல் வெளியிட்டார். துளி மேலேறும் வேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைப் பொறுத்தது. நீர்மத்தின் பாகுநிலை கூடக்கூட வேகம் குறையும். இந்த விதியின்படி, பத்து மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தேங்காயெண்ணெய்த் துளி வெறும் நீரில் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். விட்டம் பாதியானால் வேகம் கால் பங்காகும். ஒரே மைக்ரோமீட்டர் ஆனால் நூற்றில் ஒரு பங்காகும். அகஸ்ட் காலின் என்ற பிரெஞ்சுக்காரர் 1899இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் பசும்பாலை மிகச் சிறிய துளை வழியே பேரழுத்தத்தில் செலுத்திக் கொழுப்பைப் பொடிப்பொடியாக்கியது. கடையில் வாங்கும் பெட்டிப் பாலில் ஏடு மிதக்காததற்கு அதுவே காரணம். நம் அம்மிக்கும் அழுத்து இயந்திரத்துக்கும் அந்த வல்லமை இல்லை.

வெல்லப்பாகு சேர்த்தால் பால் கெட்டியாகி ஏடு பிரிவது தாமதப்படும் என்று நினைப்பது இயற்கை. கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் வேறுவிதமாக இருக்கிறது. நூற்றுக்கு 20 பங்கு சர்க்கரை கரைந்த நீரின் பாகுநிலை வெறும் நீரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, நல்லதுதான். ஆனால் அதே நீரின் அடர்த்தியும் 1.08 ஆக உயர்ந்துவிடுகிறது. எண்ணெயின் அடர்த்தியோ 0.92தான், வேறுபாடு 0.08 என்பதிலிருந்து 0.16 ஆகி அதுவும் இரட்டிப்பாகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட கதையாக, இனிப்பினால் ஸ்திரத்தன்மைக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பாலை உண்மையில் நிறுத்திவைப்பது மாவு. அரிசி மாவு 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீரை உறிஞ்சி வீங்கிப் பாகுநிலையைப் பன்மடங்கு உயர்த்துகிறது, அடர்த்தியையோ அதிகம் மாற்றுவதில்லை. யாழ்ப்பாணத்தார் கூழில் மாவு கரைப்பதும், நம்மில் சிலர் ஊறவைத்த பச்சரிசி ஒரு கைப்பிடியைத் தேங்காயோடு சேர்த்து அரைப்பதும் இதனால் பொருள் பெறுகின்றன. மாவில்லாத ஆடிப் பாலைக் காய்ச்சியவுடன் குடித்துவிட வேண்டும். கூழோ சற்று நேரம் காத்திருக்கும்.

இனி உஷ்ணத்துக்கு வருவோம். இந்தக் கலையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. தேங்காய்ப்பால் அதிக அமிலமில்லாதது, சத்துள்ளது, நீர் நிறைந்தது; கிருமிகளுக்கு அதைவிட உகந்த இடம் அரிது. பினாங்கின் 30 டிகிரி வெயிலில், பிழிந்து பையில் கட்டிய சந்தான் மத்தியானத்துக்குள் புளித்த வாடை வீசத் தொடங்குவதை யாரும் அறிவர். ஆகையால் பாலைக் காய்ச்சியே தீர வேண்டும். ஆனால் புரதங்களோ சுமார் 80 டிகிரிக்கு மேல் தம் உருவம் குலைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, துளிகளின் போர்வை கிழிகிறது, பால் திரிகிறது. தேங்காய்ப்பாலின் ரசாயனத்தையும் தொழில்நுட்பத்தையும் பற்றிய திறனாய்வொன்றை, பினாங்கிலேயே உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சியோ என்பவர் குவீ என்பவருடன் சேர்ந்து 1997இல் வெளியிட்டார். தேங்காய்ப்பாலைப் பற்றி எழுதுவோர் இன்றும் அதை நாடுகிறார்கள். கெடாமல் வைப்பதற்குத் தேங்காய்ப்பாலை 72 டிகிரியில் 20 நிமிடம் வைத்திருப்பது தொழில்துறையில் வழக்கமாயிருக்கிறது. ஆக, கிருமி சாவதற்கும் பால் திரிவதற்கும் நடுவே நமக்குக் கிடைப்பது ஏழெட்டு டிகிரி இடைவெளி மட்டுமே.

உஷ்ணமானி இல்லாத அடுக்களையில் இந்த இடைவெளியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாத்திரத்தின் விளிம்பைப் பார்த்துத்தான். அடுப்பைத் தணித்துவிட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தால், முதலில் பாலின் மேல் மெல்லிய ஆவி தவழும். அடுத்து ஓரத்தில் மட்டும் ஊசிமுனை போன்ற குமிழிகள் வளையமாகக் கட்டும். நடுப்பகுதி அசைவின்றி இருக்கும். அந்த நிலையில் இறக்க வேண்டும். நடுவில் ஒரு கொப்புளம் புரண்டுவிட்டால் எல்லை தாண்டிவிட்டதென்று பொருள். கரண்டி நிற்காமல் அடித்தட்டைத் தொட்டுச் சுழல வேண்டியதும் இதனாலேதான். மேலே 70 டிகிரியாக இருக்கும்போதே அடியில் நூறை நெருங்கியிருக்கலாம். கப்பிப்பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு. திரிவதற்கு அதில் அதிகமில்லை. ஆகையால் அதை அச்சமின்றிக் கொதிக்கவிடலாம். கொதித்த கப்பிப்பாலைச் சற்று ஆறவிட்டுத் தலைப்பாலைச் சேர்த்தால், கலவை தானாகவே பாதுகாப்பான சூட்டுக்கு வந்துவிடுகிறது.

திரிவது எல்லாச் சமையலிலும் குற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. ரெண்டாங் சமைக்கும் மலாய்ப் பெண்மணி சந்தானை வேண்டுமென்றே கொதிக்கவிட்டு எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை காத்திருக்கிறாள். அந்த எண்ணெயில்தான் மசாலை வறுபட்டு இறைச்சியில் ஊறுகிறது. 'பெச்சா மிஞ்ஞாக்', எண்ணெய் பிரிந்தது, என்று அவள் சொன்னால் பதம் வந்துவிட்டதென்று அர்த்தம். கேரளத்தில் தேங்காய்ப்பாலை உருக்கி எண்ணெய் எடுப்பதும் இவ்விதமே. கறிக்குப் பதமாவது பானத்துக்குப் பழுதாகிறது, அவ்வளவுதான்.

இதே சிக்கலை மேனாட்டாரும் வேறொரு பானத்தில் சந்தித்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் அவர்கள் பாலும் முட்டையும் சர்க்கரையும் அடித்துச் சாதிக்காய் தூவிக் குடிக்கும் 'எக்நாக்' என்பதில் தரகு வேலை பார்ப்பது முட்டைக் கருவின் லெசித்தின். போர்ட்டோ ரிக்கோத் தீவினர் தேங்காய்ப்பாலும் ரம்மும் பட்டையும் சேர்த்துச் செய்யும் 'கொக்கீட்டோ' நம் ஆடிப் பாலுக்கு இன்னும் நெருங்கிய உறவு. எக்நாக்கில் சால்மொனெல்லா என்னும் கிருமி சாக 71 டிகிரி வேண்டும். பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை 80 டிகிரியைத் தாண்டினால் கட்டி கட்டியாகிவிடும். பூமியின் மறுகோடியிலும் அதே குறுகிய இடைவெளி! நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை வகைப்படுத்திப் புகழ்பெற்ற ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் அம்மையார், அடுப்பில் வைக்காமலே ஏராளமான மதுவைச் சேர்த்து வாரக்கணக்கில் ஊறவைக்கும் எக்நாக் ஒன்றைத் தம் ஆய்வுக்கூடத்தில் வழக்கமாக்கினார். பிற்காலத்தில் அங்குள்ளவர்கள் அதில் சால்மொனெல்லாவை வேண்டுமென்றே கலந்து சோதித்தபோது, மூன்று வாரத்தில் கிருமி அடியோடு அழிந்திருந்தது. மாமியார் வீட்டு ஆடிப் பாலில் அந்த உபாயத்துக்கு இடமில்லை. நமக்கு அடுப்பு ஒன்றே கதி.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொதிக்கும் பசும்பாலில் வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடுவதை, பொங்கல் வைப்பவர் எவரும் அறிவர். வெல்லத்தில் சிறிது புளிப்பும் தாது உப்புகளும் உண்டு. சூடு சேரும்போது அவை பசும்பாலின் கேசின் என்னும் புரதத்தைத் திரட்டிவிடுகின்றன. தேங்காய்ப் புரதம் அந்த அளவு புளிப்புக்கு அசைந்து கொடுப்பதில்லை. எலுமிச்சை பிழிந்தாற்போன்ற கடும்புளிப்பு வந்தால்தான் அது திரளும். பால் என்றதும் பசுவை நினைக்கும் நம்மவர், வெல்லம் போட வேண்டிய இனிப்புப் பானத்துக்கு மட்டும் தேங்காயை நாடியதற்கு இதுவும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பினாங்கில் வெல்லத்துக்குப் பதிலாகக் கூலா மலாக்கா கிடைக்கிறது. தென்னம்பாளையைச் சீவி வடித்த பதநீரைக் காய்ச்சி மூங்கிற் குழாயில் வார்த்தெடுக்கும் இந்தக் கருப்பட்டியில், நெடுநேரம் காய்ந்ததால் விளைந்த கருகல் மணமொன்று உண்டு. தீவில் கெங் குவீ சந்தில் சென்டோல் குடிக்கக் கூடும் கூட்டம் அந்த மணத்துக்காகவும் கூடுவதுதான். மண்ணும் நாரும் கலந்திருக்குமாதலால் தனியே கரைத்து வடிகட்டியே சேர்க்க வேண்டும்.

வாசனைத் திரவியங்களின் மணப்பொருள்கள் பெரும்பாலும் நீரில் கரையாமல் கொழுப்பில் கரைபவை. ஏலத்தின் மணத்துக்கு முக்கியக் காரணம் சினியோல், டெர்பினைல் அசிடேட் ஆகிய இரண்டு. இவை கொதிக்கும் நீராவியோடு சேர்ந்து எளிதில் பறந்துவிடும். ஏலத்தை முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் தெருவெல்லாம் மணக்கும், தம்ளர் மணக்காது. இறக்கிய பின் போட்டாலோ, அது எண்ணெய்த் துளிகளுக்குள் கரைந்து ஒளிந்திருந்து, குடித்த பின்னும் நாவில் சிறிது சிறிதாக வெளிப்படும். சுக்கின் கதை வேறு: இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் நீரை இழந்து அதைவிடக் காரமான ஷோகால் ஆகிறது, அது சூட்டுக்கு அஞ்சுவதில்லை, ஆகவே சுக்கைக் கப்பிப்பாலோடு கொதிக்கவிடலாம்.

சாதிக்காயை நம் ஆடிப் பாலில் எல்லோரும் சேர்ப்பதில்லை; ஆனால் பினாங்கில் இருந்துகொண்டு அதைச் சேர்க்காமலிருப்பது நியாயமன்று என்பேன். ஆங்கிலேயர் 1796இல் டச்சுக்காரரிடமிருந்து மொலுக்கஸ் தீவுகளைக் கைப்பற்றியதும், கிழக்கிந்தியக் கம்பெனி கிறிஸ்டபர் ஸ்மித் என்ற தாவர சாஸ்திரியை அனுப்பி, சாதிக்காய்க் கன்றுகளையும் இலவங்கக் கன்றுகளையும் ஆயிரக்கணக்கில் பினாங்குக்குக் கொண்டுவந்து நட்டது. 1860ஐ ஒட்டி வந்த நோயில் பெருந்தோட்டங்கள் அழிந்தாலும், பாலிக் பூலாவ் பக்கத்தில் சாதிக்காய் மரங்கள் இன்றும் காய்க்கின்றன. அதன் சதையை ஊறலாகவும் சாறாகவும் விற்கிறார்கள். கொட்டையைக் கல்லில் இரண்டு இழை இழைத்துச் சேர்த்தால் போதும். சாதிக்காய்ப்பொடி ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேற்பட்டால், அதிலுள்ள மிரிஸ்டிசின் என்னும் பொருள் மயக்கமும் வாந்தியும் படபடப்பும் உண்டாக்கும் விஷமாதலால், சிட்டிகைக்கு மேல் யாருக்கும், குழந்தைகளுக்கு அறவே, வேண்டாம்.

பொதியில் அடைத்து வரும் சந்தானைப் பற்றியும் கேட்பார்கள். அது 140 டிகிரியை ஒட்டிய சூட்டைச் சில விநாடிகளே கண்டு, குளிர்பெட்டியின்றி மாதக்கணக்கில் கெடாமலிருப்பது. அவ்வளவு சூட்டிலும் அது திரியாமலிருப்பதற்குப் பாலிசார்பேட் போன்ற பால்மமாக்கிகளும் பிசின்களும், சிலவற்றில் பசும்பாலின் கேசினேட்டும் சேர்க்கப்படுகின்றன. பசும்பால் ஒவ்வாதவர்கள் பொதியின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குவது நலம். பத்து விழுக்காட்டுக்குக் குறையாத கொழுப்பிருந்தால் தேங்காய்ப்பால், இருபதுக்குக் குறையாதிருந்தால் தேங்காய்ப்பாலேடு என்று சர்வதேச உணவுத் தரவிதி 2003இல் வகுத்திருக்கிறது. அவசரத்துக்கு அது உதவும். கொதிக்கவிட்டாலும் சண்டித்தனம் செய்யாது. ஆயினும் பிழிந்த பாலின் மணம் அதில் இல்லை என்பதை ஒரு வாய் குடித்தவர் ஒப்புக்கொள்வர்.

நான்கு பேருக்கு இரண்டு முற்றிய தேங்காய் போதும். துருவிய உடனே கால் லிட்டர் வெதுவெதுப்பான உப்புநீரில் பிசைந்து தலைப்பாலை எடுத்து மூடி வையுங்கள். அரை லிட்டர் நீரில் கப்பிப்பால் எடுத்து, கால் தேக்கரண்டி சுக்குப்பொடியும், கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவும் கரைத்துக் கொதிக்கவிடுங்கள். 150 கிராம் கூலா மலாக்காவைக் கரைத்து வடித்து அதில் ஊற்றி, தீயைத் தணித்துச் சற்று ஆறியபின் தலைப்பாலைச் சேர்த்து, ஓரத்தில் குமிழி வளையம் கட்டும்வரை கிளறி இறக்குங்கள். நான்கு ஏலக்காயை அப்போதே தட்டிப் போட்டு, சாதிக்காயை இழைத்து விடுங்கள். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கிக் குடிக்க ஆசைப்பட வேண்டாம்: குளிரில் துளிகளுக்குள் கொழுப்பு படிகமாகி, அதன் முனைகள் போர்வையைக் குத்திக் கிழித்துவிடுவதால், சூடு பட்டதும் எண்ணெய் தனியே மிதக்கும். அப்படி மிஞ்சிவிட்டால் அரிசி சேர்த்துப் பாயசமாக்கிவிடுங்கள். வெந்த அரிசி அந்த எண்ணெயை ஏற்றுக்கொள்ளும்.